சி/2023 ஏ3 ஏன் பட்டியலில் இருந்து எடுக்கப்பட்டது? வால்மீன் உறுதிப்படுத்தல் பற்றி ஒரு கேள்வி

தெற்குவானம் எழுதியது:

வணக்கம். 2024 செப்டம்பர் கடைசியில் விடியற்காலையிலும், அக்டோபரில் மாலையிலும் நம்மில் பலர் பார்த்த சுசின்ஷான்–அட்லஸ் (சி/2023 ஏ3) வால்மீனின் கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் இடத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

சீனாவின் ஊதா மலை வானாய்வகம் அதை முதலில் படம் பிடித்தது 2023 ஜனவரி 9 அன்று. தகவல், சிறுகோள், வால்மீன் அளவீடுகளைச் சேர்த்துவைக்கும் மைனர் பிளானட் சென்டருக்கு (எம்.பி.சி.) போய், உறுதிப்படுத்த வேண்டியவற்றின் பட்டியலிலும் ஏறியது. ஆனால் ஜனவரி 30 அன்று அதைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று வாரமாக உலகில் வேறு யாரும் அதைப் பார்த்து அளவீடு அனுப்பவில்லை என்பதுதான் காரணம். பிப்ரவரி 22 அன்று தென் ஆப்பிரிக்காவில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைத் தனியாகக் கண்டுபிடித்த பிறகுதான் இரண்டும் ஒன்று என்று தெரிந்திருக்கிறது.

எனக்கு இரண்டு கேள்விகள். ஒரு பெரிய ஆய்வகமே படம் எடுத்து அனுப்பியும் அது ஏன் போதவில்லை? அடுத்தது, என்னிடம் 8 அங்குலத் தொலைநோக்கியும் குளிரூட்டும் கேமராவும் இருக்கின்றன. என் படத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத மங்கல் புள்ளி ஒன்று தெரிந்தால் நான் என்ன செய்ய வேண்டும்?

---

ஏலகிரி_இரவு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், நம் கையில் இருப்பது அதுதான்.

மங்கலாக ஏதோ தெரிந்தால், இது வேறு என்னவெல்லாமாக இருக்கலாம் என்று முதலில் பாருங்கள். பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் அதன் ஒளி ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவே பட்டுத் திரும்பி, வால்மீனின் தலையைப் போலவே ஒரு பஞ்சு வட்டமாக விழும். தொலைநோக்கியைச் சற்று நகர்த்தி மறுபடி எடுங்கள். நட்சத்திரங்களை விட்டு அது தனியாக இடம் மாறினால் பிரதிபலிப்புதான், விட்டுவிடலாம். ஹாட் பிக்சலும் (சென்சாரில் பழுதால் எப்போதும் ஒளிரும் புள்ளி) இதே சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

2011 நவம்பர் 27 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் டெர்ரி லவ்ஜாய் உங்களிடம் இருப்பது போன்ற 8 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த படங்களில் வேகமாக நகரும் மங்கல் ஒன்றைப் பார்த்தார். பிரதிபலிப்பாக இருக்குமோ என்றுதான் அவருக்கே முதலில் சந்தேகம். இரண்டு இரவு கழித்து மறுபடி தேடிப் பிடித்தார். டிசம்பர் 1 அன்று நியூசிலாந்தின் மவுண்ட் ஜான் ஆய்வகம் பார்த்து உறுதிசெய்தது, மறுநாள் அறிவிப்பு வந்தது. அந்த வால்மீன்தான் (சி/2011 டபிள்யூ3) டிசம்பர் 16 அன்று சூரியப் பரப்புக்கு மேலே சுமார் 1,40,000 கிலோமீட்டரில் சுற்றிக்கொண்டு உயிரோடு வெளியே வந்தது. சூரியனை உரசிச் செல்லும் க்ரோய்ட்ஸ் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றைத் தரையில் இருந்து கண்டுபிடித்து அப்போது நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

பிரதிபலிப்பு இல்லை என்றால், ஏற்கனவே தெரிந்த வால்மீனா, சிறுகோளா என்று பாருங்கள். எம்.பி.சி. தளத்தில் நேரத்தையும் இடத்தையும் கொடுத்தால் அந்தப் பகுதியில் அப்போது இருக்கும் பொருள்களைக் காட்டிவிடும். நகரவே இல்லை என்றால் அது மங்கலான விண்மீன் மண்டலமாகவோ நெபுலாவாகவோ இருக்கும். சார்ல் மெசியே 1758-ல் ஒரு வால்மீனைத் தொடர்ந்துகொண்டிருந்தபோது ரிஷபத்தில் இருந்த நண்டு நெபுலா இப்படித்தான் குழப்பியது. நம்மில் பலர் இன்று ஆசையாகப் பார்க்கும் மெசியே பட்டியலே வால்மீன் தேடுபவர்கள் ஏமாறாமல் இருப்பதற்காகப் போட்டதுதான்.

இவ்வளவும் தாண்டிவிட்டது என்றால் அளவெடுக்கத் தொடங்கலாம். குறைந்தது மூன்று, நான்கு படத்தொகுதிகள், நடுவே இருபது நிமிடமாவது இடைவெளி. கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடோ ஜிபிஎஸ்ஸோடோ ஒத்துவையுங்கள். நிமிடத்துக்கு ஒரு வில்நொடி (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) நகரும் பொருளுக்குக் கடிகாரம் ஒரு நிமிடம் தப்பினால் இடமும் ஒரு வில்நொடி தப்பும், அந்த அளவீட்டால் பயன் இல்லை.

வால்மீன்தானா என்பதற்கு நான் நம்புவது அகலச் சோதனை. படங்களை இரண்டு விதமாக அடுக்க வேண்டும். நட்சத்திரங்களை வைத்து ஒன்று, பொருளின் நகர்வை வைத்து ஒன்று. முதல் அடுக்கில் நட்சத்திரத்தின் அகலத்தை அளங்கள், இரண்டாவதில் பொருளின் அகலத்தை. நட்சத்திரம் 3 வில்நொடி, பொருள் ஒவ்வொரு தொகுதியிலும் 5 வில்நொடி என்று வந்தால் அதைச் சுற்றி வாயுவும் தூசியும் இருக்கிறது என்று சொல்லலாம். ஒரே ஒரு தொகுதியில் மட்டும் பெரிதாக இருந்தால் பின்னால் ஒரு மங்கல் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அவசரப்பட வேண்டாம்.

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

//ஒரு பெரிய ஆய்வகமே படம் எடுத்து அனுப்பியும் அது ஏன் போதவில்லை?//

இதற்கு நான் சொல்கிறேன்.

படத்தில் இருந்து நமக்குக் கிடைப்பது திசை மட்டும்தான், தூரம் கிடைக்காது. ஒரு சுற்றுப்பாதையை முழுதாகச் சொல்ல ஆறு எண்கள் வேண்டும். ஒவ்வொரு அளவீடும் இரண்டு எண்கள் தரும், வானில் குறுக்கே எங்கே, நெடுக்கே எங்கே என்று. ஆக மூன்று அளவீடுகள் இருந்தால் தாளில் கணக்கு போட்டுவிடலாம். ஆனால் மூன்றும் ஒரே இரவில் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்தவை என்றால் ஏறக்குறைய ஒரு நேர்கோடுதான் கிடைக்கும். பக்கத்தில் மெதுவாகப் போகும் பொருளும் வெகுதூரத்தில் வேகமாகப் போகும் பொருளும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே கோட்டில்தான் நகரும். அளவீட்டில் அரை வில்நொடி பிசகு இருந்தாலும் பாதை வியாழனுக்கு அப்பால் போய்விடும், அல்லது பூமிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அடுத்த இரவு யாராவது பார்த்துவிட்டால் பொருந்தாத பாதைகள் பெரும்பாலும் கழிந்துவிடும். பார்க்காவிட்டால் நிலைமை நாளுக்கு நாள் மோசமாகும். அந்தப் பொருள் இருக்கக்கூடிய பகுதி வானில் விரிந்துகொண்டே போகும். இரண்டு மூன்று வாரத்தில் எந்தத் தொலைநோக்கியின் பார்வைப் பரப்புக்கும் அடங்காத அளவுக்கு விரிந்துவிட்டால் அப்புறம் எங்கே என்று தேடுவது? பட்டியலில் இருந்து எடுப்பதற்கு அர்த்தம் இதுதான். சீனர்களின் படம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அதை வைத்து இனி தேட முடியாது, அவ்வளவுதான்.

2023 ஜனவரி 6 முழு நிலா. ஊதா மலைக்காரர்கள் படம் எடுத்த மறுநாட்களில் இரவின் பெரும்பகுதி நிலவு வெளிச்சம். பொருளோ 18 மேக்னிட்யூடுக்கும் மங்கல் (மேக்னிட்யூட் என்பது பிரகாச அளவு, எண் கூடக் கூட மங்கல்). அதனால்தான் யாரும் பிடிக்கவில்லையோ என்பது என் ஊகம்.

இப்படித் தொலைவது புதிதும் அல்ல. 1801 ஜனவரி 1 அன்று பியாசி கண்டுபிடித்த செரஸ் என்ற குறுங்கோள், பிப்ரவரி 11 வரை பார்க்கப்பட்டு, அப்புறம் சூரிய வெளிச்சத்துக்குள் போய்விட்டது. நாற்பத்தொரு நாள் அளவீடு கையில் இருந்தும் அன்றைய முறைகளால் அது மறுபடி எங்கே வரும் என்று சொல்ல முடியவில்லை. இருபத்து நான்கு வயது கணித மேதை காவுஸ் அதற்காகவே ஒரு முறையை உருவாக்கிக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பர் 31 அன்று அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே செரஸ் கிடைத்தது.

---

தெற்குவானம் எழுதியது:

இப்போது புரிகிறது வாத்தியார் ஐயா. அப்படியென்றால் பிப்ரவரியில் அட்லஸ் கண்டதும் ஜனவரியில் தொலைந்ததும் ஒன்றே என்று எப்படிக் கண்டார்கள்?

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

பின்னோக்கிக் கணக்கு போட்டுத்தான். பிப்ரவரி அளவீடுகளில் கிடைத்த பாதையைப் பழைய தேதிகளுக்கு ஓட்டிப் பார்த்தால், ஜனவரி 9 அன்று அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் சீனர்களின் புள்ளி சரியாக இருந்தது. அதோடு விடாமல் கலிஃபோர்னியாவில் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ஸ்விக்கி அளக்கைத் திட்டத்தின் பழைய படங்களைக் கிளறி, 2022 டிசம்பர் 22-லேயே பதிவாகியிருந்த வால்மீனையும் கண்டுபிடித்தார்கள். பழைய படங்களில் இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு புள்ளியும் பாதையை மளமளவென்று இறுக்கிவிடும். அப்போது அது சூரியனில் இருந்து பூமியின் தூரத்தைப் போல் ஏழு மடங்குக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தில் பிடித்ததால்தான் 2024 செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில் வரும் என்று ஒன்றரை வருஷத்துக்கு முன்பே சொல்ல முடிந்தது.

பெயரைக் கவனியுங்கள். வால்மீனின் குறியீட்டில் ஆண்டுக்கு அடுத்து வரும் எழுத்து அரை மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் பாதி, பி இரண்டாம் பாதி, இப்படியே போகும் (ஐ, இசட் இரண்டும் கிடையாது). அட்லஸின் தேதியை எடுத்திருந்தால் டி வந்திருக்கும். ஜனவரி 9-ஐ ஏற்றுக்கொண்டதால்தான் அது ஏ3. பெயரிலும் சுசின்ஷான் முதலில், அட்லஸ் அடுத்து. ஊதா மலையைச் சீனத்தில் சொல்வதுதான் சுசின்ஷான். பட்டியலில் இருந்து எடுத்தாலும் முதலில் பார்த்தவர்களின் உரிமை போகவில்லை.

---

பழைய_மெட்ராஸ் எழுதியது:

இந்த இழையில் நுங்கம்பாக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. இப்போது வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான் பழைய மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. 1792-ல் நட்ட கருங்கல் தூண் இன்னும் அங்கேயே நிற்கிறது.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பா முழுவதும் எரிகற்கள் மழையாகக் கொட்டின. பீலா என்ற வால்மீனின் பாதையைப் பூமி கடந்த நாள் அது. ஆறரை வருஷத்துக்கு ஒருமுறை சுற்றிவந்த பீலா 1846-ல் இரண்டாக உடைந்தது, 1852-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ், பீலா நம்மை உரசிக்கொண்டு தென்வானத்தின் பக்கம் போயிருக்க வேண்டும் என்று யோசித்தார். போயிருந்தால் சென்டாரஸ் விண்மீன் குழுவில் தீட்டா நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். ஜெர்மனியில் அந்த நட்சத்திரம் தொடுவானத்தை விட்டு எழும்புவதே அரிது. அதனால் மெட்ராஸில் இருந்த நார்மன் போக்சனுக்குத் தந்தி அடித்தார்: பீலா பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி பக்கம் தேடுங்கள் என்று.

டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போக்சனுக்கும் அதேதான். மேகம் விலகிய நேரத்தில், டிசம்பர் 3 விடியற்காலை, அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே ஒரு வால்மீனைப் பார்த்தார். வட்டமாக, நடுவில் தெளிவான உட்கருவோடு, வால் இல்லாமல் இருந்தது. மறுநாள் விடியலிலும் கிடைத்தது. அன்று மங்கலாக ஒரு வாலும் தெரிந்தது. அப்புறம் மழையும் மேகமும் மூடிக்கொண்டன. அவர் மறுபடி பார்க்கவே இல்லை, வேறு யாரும் பார்க்கவில்லை.

வாத்தியார் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். இரண்டு விடியல், இரண்டு இடங்கள், நான்கு எண்கள். வேண்டியது ஆறு. பாதை போட முடியவில்லை. பீலாவின் கணக்கோடும் அந்த இடம் ஒத்துவரவில்லை. போக்சன் சாதாரண ஆள் அல்ல, நட்சத்திரப் பிரகாச அளவுக்கு நாம் இன்று பயன்படுத்தும் கணக்கை வகுத்தவரே அவர்தான். 1861-ல் இதே மெட்ராஸில் இருந்து ஏசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தவர். அப்படிப்பட்டவர் பார்த்ததும் இன்று பட்டியலில் எக்ஸ்/1872 எக்ஸ்1 என்றுதான் இருக்கிறது. முதல் எக்ஸ், பாதை கணக்கிட முடியாத வால்மீன் என்பதற்கு. இரண்டாவது, டிசம்பர் முதல் பாதி என்பதற்கு. இன்னொரு விடியல் மட்டும் மேகம் விட்டிருந்தால்! இதைப் படித்த நாளில் இருந்து எனக்கு ஆறவே இல்லை.

---

நிலவொளி எழுதியது:

பழைய_மெட்ராஸ் அண்ணா, இப்படி ஒன்று நம் ஊரில் நடந்தது எனக்குத் தெரியவே தெரியாது. நன்றி. ஆனால் எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. திறமையான ஒருவர் இரண்டு முறை பார்த்து அளந்திருக்கிறார். அதைக் கண்டுபிடிப்பு என்று முழுதாக ஏன் ஏற்கக் கூடாது?

இன்னொன்று. நம் மாதிரி ஆட்கள் இதில் இறங்குவதில் இன்று அர்த்தம் இருக்கிறதா என்று எனக்கு உண்மையாகவே சந்தேகம். சிலியில் வேரா ரூபின் ஆய்வகம் வந்துவிட்டது. 8.4 மீட்டர் ஆடி, 3200 மெகாபிக்சல் கேமரா. 2025 ஜூலை 1 அன்று மூன்றாவது விண்மீனிடைப் பொருளை (3ஐ/அட்லஸ்) கண்டதும் சிலியில் இருந்த தானியங்கி அட்லஸ்தான். 8 அங்குலம் என்ன செய்யும்?

---

கணக்கு_வாத்தியார் எழுதியது:

//கண்டுபிடிப்பு என்று முழுதாக ஏன் ஏற்கக் கூடாது?//

எக்ஸ் போட்டது அவரை மறுப்பதற்காக அல்ல. ஒரு வால்மீனைக் கண்டோம் என்றால், அடுத்து யாராவது தேடும்போது அது எங்கே இருக்கும் என்று சொல்லத் தெரிய வேண்டும். போக்சனின் நான்கு எண்களுக்குப் பொருந்தும் பாதைகள் எண்ணற்றவை. அதில் எது என்று இன்றைக்கும் யாராலும் தேர்ந்தெடுக்க முடியாது. அவர் பார்த்ததை நான் முழுக்க நம்புகிறேன். ஆனால் அந்த வால்மீன் இப்போது எங்கே என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

---

ஏலகிரி_இரவு எழுதியது:

//8 அங்குலம் என்ன செய்யும்?//

நிலவொளி, உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். மங்கலான வால்மீன்களைத் தேடுவதில் அந்த இயந்திரங்களோடு போட்டி போட முடியாது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. டான் மக்ஹோல்ட்ஸ் 1978-ல் தன் முதல் வால்மீனைப் பிடிக்க சுமார் 1,700 மணி நேரம் வானைத் தேடினார். 2018 நவம்பரில் பன்னிரண்டாவதைக் கண்டார். இனி அப்படி ஒருவர் வருவாரா என்று தெரியவில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் பெரிய அளக்கைகள் இரவு வானத்தில்தான் பெரும்பாலும் உழைக்கின்றன. சூரியனுக்குப் பக்கத்தில், விடியலுக்குச் சற்று முன்பும் அந்திக்குச் சற்றுப் பின்பும் தெரியும் வானம் இன்னும் திறந்தே கிடக்கிறது. 2023 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பானின் ஹிதேயோ நிஷிமுரா விடியற்காலை வானில் ஒரு வால்மீனைப் பிடித்தது சாதாரண கேனன் கேமராவிலும் 200 மில்லிமீட்டர் லென்ஸிலும்தான். தொலைநோக்கியே கிடையாது. ஒரு மாதம் கழித்து அது சூரியனைச் சுற்றிவந்தது. அவ்வளவு பிரகாசமான ஒன்று சூரியனின் பக்கத்தில் ஒளிந்து வந்ததால் எந்த அளக்கையும் அதுவரை பிடிக்கவில்லை.

போரிசோவும் அப்படித்தான். 2019 ஆகஸ்ட் 30 அன்று கிரிமியாவில், தானே செய்த 65 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், விடியலுக்கு முன் சூரியனில் இருந்து நாற்பது டிகிரிக்கும் குறைவான இடத்தில் பார்த்தார். முதல் சில நாள் அளவீடுகளை வைத்துப் பாதை எப்படிப்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பல நாடுகளில் இருந்து, அமெச்சூர்கள் உட்படப் பலர், இரவுக்கு இரவு அளந்து அனுப்ப அனுப்ப, மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்தில் இருந்து எவ்வளவு விலகியது என்பதைச் சொல்லும் எண்) 3-க்கு மேல் என்று உறுதியானது. ஒன்றைத் தாண்டினாலே அது சூரியனிடம் திரும்பி வராது. மூன்றுக்கு மேல் என்றால் வேறொரு நட்சத்திரத்தின் வீட்டில் இருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. செப்டம்பர் 11 அன்று அறிவித்தார்கள், 24 அன்று 2ஐ/போரிசோவ் என்று பெயர் வந்தது. அந்த இரண்டு வாரத்தில் கண்ணாடி சிறியதா பெரியதா என்று யாரும் கேட்கவில்லை. அளவீடு சரியாக இருந்ததா என்பதைத்தான் பார்த்தார்கள்.

ரூபின் மாதிரி ஆய்வகங்கள் கண்டுபிடிப்புகளைக் குவிக்கக் குவிக்க, தொடர்ந்து பார்க்க ஆள் இன்னும் வேண்டும். பூமியில் எங்கோ ஓரிடத்தில் எப்போதும் மேகம். 13 டிகிரி வடக்கில் இருக்கும் நமக்கு தென்வானத்தின் பெரும்பகுதி தெரியும், வடவானமும் தெரியும். கிளிங்கர்ஃபியூஸ் மெட்ராஸுக்குத் தந்தி அடித்ததும் அதனால்தானே?

---

நிலவொளி எழுதியது:

சரி அண்ணா, ஏற்கிறேன். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். உறுதிப்படுத்தும் பட்டியலில் வருபவை பெரும்பாலும் 19, 20 மேக்னிட்யூட். ஊரின் விளக்கு வெளிச்சத்தில் 8 அங்குலத்துக்கு அவை எட்டாது. புதிதாக வருபவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோகக் கூடாது.

---

ஏலகிரி_இரவு எழுதியது:

அது முழு உண்மை. இருண்ட இடத்தில் பல படங்களை அடுக்கினால் 18-ஐ ஒட்டிப் போகலாம், ஊருக்குள் 17 கிடைத்தாலே நல்லது. அதனால் பட்டியலில் பிரகாசமானவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். புதிய வால்மீன் ஒன்று அறிவிக்கப்பட்ட முதல் மாதத்தில் வரும் அளவீடுகளும் முக்கியம்தான்.

---

பழைய_மெட்ராஸ் எழுதியது:

வால்மீனுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு போக்சனோடு முடியவில்லை என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 1927-ல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது 1949 ஜூலையில் ஒரு புகைப்படத் தகட்டில் வால்மீன் ஒன்றைக் கண்டார். போக், நியூகர்க் இருவரின் பெயரோடு சேர்த்து அது பாப்பு–போக்–நியூகர்க் என்று அழைக்கப்படுகிறது. பாப்புவுக்கு டோனஹோ வால்மீன் பதக்கமும் கிடைத்தது. பிற்பாடு ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை எழுப்பியவர் அவர்தான். அதே காவலூரில் 1988 பிப்ரவரியில் கண்டுபிடித்த சிறுகோளுக்குத்தான் ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள்.

---

தெற்குவானம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. புதியதைத் தேடுவதற்கு முன் அளக்கக் கற்றுக்கொள்வதுதான் சரி என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

---

ஏலகிரி_இரவு எழுதியது:

ஆய்வகக் குறியீட்டில் தொடங்குங்கள் தம்பி. அது மூன்று எழுத்து அல்லது எண்கள் கொண்டது, அது இருந்தால்தான் எம்.பி.சி. உங்கள் அளவீடுகளை உங்கள் இடத்தோடு சேர்த்துப் பதிவு செய்யும். அதைப் பெற, பாதை நன்றாகத் தெரிந்த, எண் கொடுக்கப்பட்ட சில சிறுகோள்களை அடுத்தடுத்த இரவுகளில் அளந்து அனுப்ப வேண்டும். குறியீடு வரும்வரை எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று போட்டு அனுப்பலாம். தொலைநோக்கி நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் மூன்றையும் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு ஆஸ்ட்ரோமெட்ரிக்கா போதும், நட்சத்திரப் பட்டியலாக கையா விண்கலத்தின் பட்டியலைத் தேர்ந்தெடுங்கள். 14, 15 மேக்னிட்யூட் சிறுகோள்களாக எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று தொகுதி படம், மறுநாளும் அதே பொருள்கள். கணக்கிட்ட இடத்துக்கும் நீங்கள் அளந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு வில்நொடிக்குள் வர வேண்டும். எல்லாமே ஒரே பக்கம் தள்ளிப் போனால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். முதல் இரவின் எண்கள் வந்ததும் அனுப்புவதற்கு முன் இங்கே போடுங்கள், வாத்தியாரும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.